சாய்தளத்தின் மேல் ஒரு முழங்கால்

நாயின் பின்னங்காலைப் பார்க்கும் பலர், அதன் முழங்கால் பின்பக்கமாக மடங்குகிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். பின்னால் துருத்திக்கொண்டு தெரியும் அந்த மூட்டு குதிகால். நாய் பாதம் முழுவதையும் தரையில் பதிப்பதில்லை; விரல்களை மட்டும் ஊன்றி நடக்கும் விலங்கு அது. அதனால் குதிகால் அந்தரத்திலேயே நிற்கிறது. உண்மையான முழங்கால் அதற்கு வெகு மேலே, அடிவயிற்றின் தோல்மடிப்பை ஒட்டி, ரோமத்துக்குள் பாதி ஒளிந்திருக்கிறது. மனிதருடைய முழங்கால் எந்தத் திசையில் மடங்குமோ அதே திசையில்தான் அதுவும் மடங்குகிறது.

மடங்கும் திசை ஒன்றானாலும் நிற்கும் விதம் வேறு. மனிதர் நிமிர்ந்து நிற்கும்போது முழங்கால் நேராகப் பூட்டிக்கொள்கிறது; உடல் எடை தொடை எலும்பு வழியாக நேர்கீழே இறங்கிவிடுகிறது. நாய் அமைதியாக நிற்கும்போதுகூட அதன் முழங்கால் ஏறத்தாழ 135 முதல் 140 டிகிரி கோணத்தில் மடங்கியேதான் இருக்கிறது. நாய்க்கு முழங்காலை முழுதாக நீட்டி ஓய்வெடுக்கும் நிலையே கிடையாது. விழித்து நிற்கும் ஒவ்வொரு நொடியும் தசைகள் அந்த மூட்டைத் தாங்கிப் பிடித்தபடி இருக்கின்றன.

இந்த எளிய உண்மையின் முழுப் பொருளும் கால்நடை மருத்துவர்களுக்கு விளங்க இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி ஆகிவிட்டது. அதுவரை அவர்கள் நாயின் முழங்காலை மனிதருடைய முழங்காலின் சிறிய பிரதியாகவே நினைத்து அறுத்தும் தைத்தும் வந்தார்கள்.

அந்த மூட்டின் நடுவே, தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் இணைத்தபடி, இரண்டு தசைநார்கள் ஒன்றையொன்று குறுக்காக வெட்டிச் செல்கின்றன. குறுக்குத் தசைநார்கள் என்று அவற்றுக்குப் பெயர். பண்டைய ரோமானிய உலகின் மருத்துவரான காலன் காலத்திலிருந்தே அவை அறியப்பட்டவை. முன்னது, கீழ்க்கால் எலும்பு முன்னோக்கி நழுவாமல் பிடித்துக்கொள்கிறது. பின்னது, பின்னோக்கி நழுவாமல் பார்த்துக்கொள்கிறது. கால்பந்து வீரர்கள் களத்தில் சுருண்டு விழுந்து மாதக்கணக்கில் ஆட்டத்தை இழப்பதற்குக் காரணமான தசைநார் இந்த முன்னதுதான்.

நாயின் உடற்கூற்றுக்கு ஆங்கிலத்தில் முழுமையான ஒரு நூல் மிகத் தாமதமாகத்தான் வந்தது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் மால்கம் மில்லர் அந்தப் பணியில் இறங்கினார், 1960இல் இறந்துபோனார். உடன் பணியாற்றியவர்கள் முடித்து 1964இல் அதை வெளியிட்டார்கள். இன்றும் உலகெங்கும் கால்நடை மருத்துவ மாணவர்கள் அவர் பெயரைச் சொல்லியே அந்த நூலைக் குறிப்பிடுகிறார்கள். முழங்காலின் நுட்பங்கள் வெளிவர அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் ஆயின. 1977இல் ஸ்டீவன் ஆர்னோஸ்கியும் ஜான் மார்ஷலும் முன் குறுக்குத் தசைநாரைக் கூர்ந்து ஆராய்ந்து, அது ஒரே கயிறல்ல, இரண்டு இழைக்கட்டுகள் என்று காட்டினார்கள். ஒன்று, கால் மடங்கினாலும் நீண்டாலும் விறைப்பாகவே இருக்கிறது. மற்றது, கால் நீளும்போது மட்டும் விறைக்கிறது, மடங்கும்போது தளர்ந்துவிடுகிறது. எப்போதும் மடங்கிய முழங்காலோடு வாழும் ஒரு விலங்குக்கு இதன் பொருள் கடுமையானது. ஓய்வே இல்லாத அந்த முதல் இழைக்கட்டுதான் பாரத்தின் பெரும்பங்கைச் சுமக்கிறது.

மருத்துவமனைக்கு வரும் நாயின் கதை பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். ஆறு, ஏழு வயது லாப்ரடார். எடை கொஞ்சம் கூடுதல். காலையில் எழுந்திருக்கும்போது பின்னங்கால் ஒன்றை லேசாக நொண்டும், நடக்க நடக்கச் சரியாகிவிடும். சில வாரம் கழித்து, பந்தைத் துரத்தும்போதோ சோபாவிலிருந்து குதிக்கும்போதோ ஒரு சிறு சத்தம். பிறகு அந்தக் காலைத் தரையில் வைக்காது. உட்காரும்போது காலை உடலோடு மடித்துக்கொள்ளாமல் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு உட்காரும். அனுபவமுள்ள மருத்துவர், நாய் வரவேற்பறையில் உட்கார்ந்திருக்கும் விதத்தைப் பார்த்தே பாதி முடிவுக்கு வந்துவிடுவார்.

மீதிப் பாதிக்கு அவர் விரல்களை நம்புகிறார். நாயைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, ஒரு கையால் தொடை எலும்பின் அடியையும் மறு கையால் கீழ்க்கால் எலும்பின் தலையையும் பிடித்து, கீழ்க்காலை மெல்ல முன்னால் தள்ளிப் பார்ப்பார். நலமான முழங்கால் அசையாது. தசைநார் அறுந்திருந்தால் எலும்பு முன்னால் சறுக்குவதைக் கை உணரும். பாதி மட்டும் அறுந்திருந்தால் இந்தச் சோதனை ஏமாற்றிவிடும். பெரிய நாய் வலியில் தசைகளை இறுக்கிக்கொண்டாலும் ஏமாற்றிவிடும். அதனால் மயக்கமருந்து கொடுத்துச் சோதிப்பதே நல்லது.

எக்ஸ்ரே இந்த இடத்தில் செய்யும் உதவி சுற்றுவழியானது. தசைநார் எக்ஸ்ரேயில் தெரியாது. அறுந்தாலும் தெரியாது, முழுதாக இருந்தாலும் தெரியாது. தெரிவதெல்லாம் அதன் விளைவுகள். முழங்கால் சில்லுக்குக் கீழே, மூட்டுக்குள் முக்கோணமாக ஒரு கொழுப்புப் பொதி உண்டு. எக்ஸ்ரேயில் அது கறுப்பாகப் படியும். மூட்டுக்குள் நீர் கோத்துக்கொண்டால் அந்தக் கறுப்பு முக்கோணம் நசுங்கிச் சுருங்கிவிடும். எலும்பின் விளிம்புகளில் சிறு முட்களும் முளைக்கத் தொடங்கியிருக்கும். நேற்றுதான் நொண்ட ஆரம்பித்தது என்று வீட்டார் சொல்லும் நாயின் எக்ஸ்ரேயில் இந்த முட்கள் தெரிந்தால், நோய் மாதக்கணக்கில் உள்ளே வளர்ந்திருக்கிறது என்று பொருள். இந்த ஒரு தடயத்தைப் பின்பற்றிப் போனால் நோயின் வேர் தெரியும்; அதைப் பின்னர் பார்ப்போம்.

நாயின் முன் குறுக்குத் தசைநார் அறுந்துபோவதை 1926இல் கார்லின் முதன்முதலில் பதிவு செய்தார். சிகிச்சை என்று ஒன்று பிறந்தது 1952இல், ஹெல்சின்கியில். சாகி பாட்சாமா தன் முனைவர் பட்ட ஆய்வில் ஒரு முறையை முன்வைத்தார்: தொடையின் வெளிப்பக்கம் தசையைப் போர்த்தியிருக்கும் உறுதியான சவ்விலிருந்து ஒரு பட்டையை வெட்டி எடுப்பது, எலும்புகளில் துளையிட்டு, அறுந்த தசைநார் ஓடிய அதே வழியில் அந்தப் பட்டையைச் செலுத்தி முடிப்பது. கருத்து புதியதல்ல. பிரிஸ்டலின் எலும்பு அறுவை மருத்துவர் ஹே குரோவ்ஸ் 1917இல் மனிதருக்குச் செய்து வெளியிட்டதன் தொடர்ச்சியே அது.

அடுத்த முப்பது ஆண்டுகளும் இதே எண்ணத்தின் வேறு வேறு வடிவங்கள். அறுந்த இடத்தில் வேறொன்றை வைத்துக் கட்டு. எதை வைப்பது, எங்கே கட்டுவது என்பதுதான் கேள்வி. 1970இல் டிஆஞ்சலிஸும் லாவும் மூட்டுக்குள்ளேயே போகாமல் வெளிப்பக்கமாக நூல் போட்டு இறுக்கும் முறையை எழுதினார்கள். 1975இல் கிரெட்சன் ஃப்ளோ அதைச் செம்மைப்படுத்தினார். நாயின் முழங்காலுக்குப் பின்னால், தசைக்குள், பயறளவில் சிற்றெலும்புகள் உண்டு. அவற்றில் வெளிப்புற எலும்பைச் சுற்றி நூலை ஓட்டி, கீழ்க்கால் எலும்பின் முன்மேட்டில் துளையிட்டுக் கட்டிவிடுவது அவருடைய முறை. கட்டப் பயன்பட்ட நூலில் பெயர்பெற்றது மீன்பிடிக்கும் தடித்த நைலான் நரம்பு. அதைக் கிருமிநீக்கம் செய்தே பயன்படுத்தினார்கள். எந்த வகை நரம்பு எவ்வளவு இழுவையைத் தாங்கும் என்று சோதனைக்கூட ஆய்வுகள்கூட நடந்தன. நாளடைவில் நூல் தளரும், சில சமயம் அறும். அதற்குள் மூட்டைச் சுற்றித் தழும்புத்திசு வளர்ந்து இறுகிவிடும் என்பது கணக்கு. இன்றும் சிறிய நாய்களுக்கு இம்முறை பரவலாகச் செய்யப்படுகிறது, பலனும் தருகிறது.

சிறிய நாய் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். 1984இல் பிலிப் வாசர் வெளியிட்ட ஆய்வில் 85 நாய்களுக்கு அறுவையே செய்யவில்லை, ஓய்வு மட்டும்தான். 15 கிலோவுக்குக் குறைந்த 28 நாய்களில் 24 தேறின. அதற்கு மேல் எடையுள்ள 57 நாய்களில் தேறியவை 11. ஒரே தசைநார், ஒரே அறுவு. எடை மாறியதும் முடிவு தலைகீழானது. பெரிய நாய்களின் முழங்காலில் ஏதோ ஒரு விசை, இயற்கையான தழும்பையும் தோற்கடித்து, மருத்துவர் கட்டிய நூலையும் தோற்கடித்துக்கொண்டிருந்தது.

அந்த விசையின் முதல் தடம் 1978இல், மிக எளிய ஒரு சோதனையில் கிடைத்தது. ஹெண்டர்சன், மில்டன் என்ற இருவர் அதை எழுதினார்கள். நாயின் முழங்காலை அசையாமல் பிடித்துக்கொண்டு, குதிகால் மூட்டை மட்டும் மடக்கினால், கெண்டைத் தசை இழுபட்டு இறுகுகிறது. தசைநார் அறுந்திருந்தால் அந்தக் கணமே கீழ்க்கால் எலும்பு முன்னால் பாய்கிறது. கவனிக்க வேண்டியது இதுதான்: யாரும் அதை முன்னால் இழுக்கவில்லை. மேலிருந்தும் கீழிருந்தும் மூட்டு அமுக்கப்பட்டது, அவ்வளவே. அமுக்கினால் ஏன் முன்னால் நகர வேண்டும்?

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், யூஜீன் நகரில் பணிபுரிந்த பார்க்லே ஸ்லோகம் இந்தக் கேள்விக்கு விடை சொன்னார். தெரசா டிவைனுடன் சேர்ந்து 1983இல் அவர் எழுதிய கட்டுரை தசைநாரைப் பேசவில்லை, எலும்பைப் பேசியது. தொடை எலும்பு வந்து உட்காரும் கீழ்க்கால் எலும்பின் மேல்தளம் நாயில் மட்டமாக இல்லை, பின்பக்கமாகச் சரிந்திருக்கிறது. மனிதரில் இந்தச் சரிவு பொதுவாக 10 டிகிரிக்குள். நாயில் 25 டிகிரிக்கு நெருக்கம். சிலவற்றில் 30ஐயும் தாண்டும். நாய் காலை ஊன்றும் ஒவ்வொரு முறையும் தொடை எலும்பு இந்தச் சரிவில் பின்னால் சறுக்கப் பார்க்கிறது. அதாவது கீழ்க்கால் எலும்பு முன்னால் உந்தப்படுகிறது. அந்த உந்துதலைத் தடுத்து நிறுத்தும் பெரும்பொறுப்பு முன் குறுக்குத் தசைநாருடையது.

மேட்டின் சரிவில் பாரவண்டி ஒன்று கயிற்றால் கட்டி நிறுத்தப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். கயிறு அறுந்தால் வண்டி உருளும். இன்னும் தடித்த கயிறாகக் கட்டலாம். அதுவும் ஒருநாள் அறும். வண்டி நிற்கும் இடத்தையே மட்டமாக்கிவிட்டால் கயிறே வேண்டியதில்லை. ஸ்லோகம் எடுத்த முடிவு இதுதான். மற்றவர்கள் அனைவரும் அறுந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அது அறுவதற்கான காரணத்தை எலும்பின் வடிவத்தில் கண்டவர் அவர். கால்நடை எலும்பு மருத்துவத்தில் இதைவிடத் துணிவான சிந்தனை இன்னொன்று உண்டா என்பது ஐயமே.

துணிவு என்று சொல்லக் காரணம், அந்தச் சிந்தனை கோரிய செயல். எலும்பு நலமாக இருக்கிறது, அறுந்தது தசைநார். அந்த நலமான எலும்பைத்தான் முழுக்க வெட்டித் துண்டாக்க வேண்டும். 1984இல் அவர் எழுதிய முதல் முறையில், கீழ்க்கால் எலும்பின் முன்புறத்திலிருந்து ஓர் ஆப்பு வடிவத் துண்டை எடுத்துவிட்டு இடைவெளியை மூடினார், மேல்தளம் நிமிர்ந்தது. 1993இல் அதைவிட நுட்பமான முறை வந்தது. மேல்தளத்தை வட்டவில் வடிவில் அறுத்து, சுழற்றி, புதிய கோணத்தில் பிளேட் வைத்து முடுக்குவது. ஆங்கில முதலெழுத்துகளால் டி.பி.எல்.ஓ. என்று இன்று எல்லா நாட்டுக் கால்நடை மருத்துவர்களும் அழைப்பது இதைத்தான்.

எக்ஸ்ரேயின் உண்மையான ஆற்றல் இங்கேதான் வெளிப்படுகிறது. தசைநாரைக் காட்ட முடியாத அதே எக்ஸ்ரே, கோணத்தை அளப்பதில் இன்றியமையாததாகிவிட்டது. நாயை மயக்கத்தில் பக்கவாட்டில் படுக்கவைத்து, முழங்காலையும் குதிகாலையும் செங்கோணத்தில் மடக்கி, இரண்டும் ஒரே படத்தில் விழும்படி எடுக்கிறார்கள். தொடை எலும்பின் அடியிலுள்ள இரண்டு குமிழ்களும் படத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக மிகச்சரியாகப் பொருந்த வேண்டும். சற்று விலகினாலும் படத்தை நிராகரித்து மறுபடி எடுக்க வேண்டும். ஏனென்றால் கால் லேசாகத் திரும்பியிருந்தாலே கோணம் மாறிவிடும். பிறகு இரண்டு கோடுகள். முழங்காலின் நடுவிலிருந்து கணுக்கால் எலும்பின் நடுவரை ஒன்று: அது எலும்பின் அச்சு. மேல்தளத்தின் சரிவை ஒட்டி இன்னொன்று. அச்சுக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து மேல்தளக் கோடு எவ்வளவு சாய்ந்திருக்கிறதோ அதுவே சரிவுக்கோணம். ஒரே படத்தை இரண்டு மருத்துவர்கள் அளந்தால் மூன்று நான்கு டிகிரி வித்தியாசம் வருவது சாதாரணம் என்பதால், இந்தக் கோடுகளைப் போடும் கை பழகிய கையாக இருக்க வேண்டும்.

இலக்கு ஏறத்தாழ 5 டிகிரி. முற்றிலும் மட்டமாக்குவதில்லை, அளவுக்கு மீறிச் சுழற்றினால் உந்துதல் எதிர்த்திசைக்கு மாறி, இதுவரை நலமாக இருந்த பின் குறுக்குத் தசைநார் பாரம் சுமக்க நேரும். 25 டிகிரி சரிவை 5ஆகக் குறைக்க 20 டிகிரி சுழற்ற வேண்டும். 24 மில்லிமீட்டர் ஆரமுள்ள வளைவு ரம்பத்தால் அறுத்திருந்தால், வெட்டின் ஓரத்தில் அந்தச் சுழற்சி எட்டு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். அறுவை அறையில் மருத்துவர் கோணமானியை எடுப்பதில்லை. இந்த எட்டு மில்லிமீட்டரைத்தான் அளவுகோலால் எலும்பின் மேல் குறித்துக்கொள்கிறார். ரம்பம் சுழல்வதில்லை, அதிர்ந்து அறுக்கிறது. சூட்டில் எலும்பு கருகாமலிருக்க உப்புநீரை விடாமல் ஊற்றுகிறார்கள். எலும்புக்குப் பின்னால் பெரிய ரத்தக்குழாய் ஓடுவதால் அங்கே காவல் வேண்டும். துண்டைச் சுழற்றி, பின்விளிம்பை உயர்த்தி, பிளேட் வைத்து மேலே மூன்று கீழே மூன்று எனத் திருகுகள் முடுக்கப்படுகின்றன. மேசையிலிருந்து இறக்குவதற்கு முன்பே அடுத்த எக்ஸ்ரே, கோணம் சரியா என்று பார்க்க. எட்டு வாரம் கழித்து இன்னொன்று, எலும்பு கூடியிருக்கிறதா என்று பார்க்க.

அறுவை முடிந்த பிறகும் மருத்துவர் பழைய சோதனையைச் செய்து, கீழ்க்காலைக் கையால் முன்னால் தள்ளினால், அது முன்போலவே சறுக்கும். தசைநார்தான் இல்லையே. ஆனால் ஹெண்டர்சன், மில்டன் சோதனையைச் செய்து மூட்டை அமுக்கினால் சறுக்காது. நாய் காலை ஊன்றும்போதுதான் இந்த மூட்டு நிலைபெறுகிறது. தூக்கியிருக்கும்போது தளர்ந்தே கிடக்கிறது. மூட்டுக்குள் இருக்கும் மெனிஸ்கஸ் என்ற குருத்தெலும்புத் திண்டையும் அறுவையின்போது கவனமாகப் பார்க்க வேண்டும். உட்பக்கத்துத் திண்டு கீழ்க்கால் எலும்போடு இறுகப் பொருந்தியிருப்பதால், எலும்பு முன்னால் சறுக்கும்போதெல்லாம் தொடை எலும்பின் குமிழ் அதன் மேல் ஏறி நசுக்குகிறது. கிழிந்த துண்டை எடுக்காமல் விட்டால், மற்றதெல்லாம் சரியாக அமைந்தும் நாய் நொண்டிக்கொண்டே இருக்கும்.

ஸ்லோகம் தன் முறைக்கும் கருவிகளுக்கும் காப்புரிமை பெற்றார். அவர் நடத்திய பயிற்சிக்கு வந்தவர்களே அதைச் செய்யலாம் என்ற நிலை சில காலம் இருந்தது; கசப்பான விவாதங்களும் எழுந்தன. நலமான எலும்பை வெட்டும் ஓர் அறுவையைப் பழகாதவர்கள் செய்யக்கூடாது என்பதில் நியாயம் இருக்கிறது. ஒரு சிகிச்சைமுறை பூட்டுக்குள் இருக்கும் காலமெல்லாம் அது சுதந்திரமாகச் சோதிக்கப்படுவது தாமதமாகும் என்பதும் உண்மை. 2000ஆம் ஆண்டில் அவர் இறந்தார். இதற்கிடையே சூரிச்சில் ஸ்லோபோதான் தேபிச்சும் பியர் மோன்டவோனும் அதே சிக்கலை வேறு பக்கத்திலிருந்து அணுகினார்கள். சரிவை மாற்றாமல், முழங்கால் சில்லிலிருந்து கீழே இறங்கும் நாணின் கோணத்தை மாற்றினால் என்ன? அந்த நாண் பற்றியிருக்கும் எலும்பு மேட்டை அறுத்து முன்னால் நகர்த்தி, நாணை மேல்தளத்துக்குச் செங்கோணமாக்கினால் அதே உந்துதல் அடங்குகிறது. 2002இல் மியூனிக் மாநாட்டில் இதை வெளியிட்டார்கள்.

பணமும் இதில் சிறிதல்ல. 2003ஆம் ஆண்டில் மட்டும் அமெரிக்க நாய்களின் இந்த ஒரு தசைநாருக்கு 132 கோடி டாலர் செலவானதாக ஓர் ஆய்வு மதிப்பிட்டது. இவ்வளவு பணம் புழங்கும் இடத்தில், எந்த முறை உண்மையில் மேலானது என்ற கேள்விக்கு வீட்டாரின் திருப்தியோ மருத்துவரின் நம்பிக்கையோ விடையாகாது. நாய் எவ்வளவு பாரத்தை அந்தக் காலில் வைக்கிறது என்று அளக்க வேண்டும். அதற்குத் தரையில் பதித்த விசைத்தகடுகள் இருக்கின்றன. நலமான நாய் தன் எடையில் ஏறக்குறைய 60 சதவீதத்தை முன்னங்கால்களிலும் 40 சதவீதத்தைப் பின்னங்கால்களிலும் சுமக்கிறது. ஒரு பின்னங்காலுக்கு 20. நொண்டும் நாய் இந்தப் பங்கை மற்றக் கால்களுக்குத் தள்ளிவிடுகிறது. பழகிய கண்ணுக்கும் தெரியாத நொண்டலைத் தகடு காட்டிக்கொடுக்கும்.

2013இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், 80 நாய்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு வெளிப்புற நூல்முறையும் மறுபாதிக்கு ஸ்லோகமின் முறையும் செய்து, ஓராண்டு தகடுகளில் நடக்கவிட்டார்கள். எலும்பை வெட்டிய நாய்கள் நடையிலும் ஓட்டத்திலும் அந்தக் காலில் அதிக பாரம் வைத்தன. பத்துக்கு ஒன்பதோ அதற்கு மேலோ மதிப்பெண் கொடுத்த வீட்டார் இந்தப் பக்கம் 93 சதவீதம், நூல்முறைப் பக்கம் 75 சதவீதம். நூல்முறைக்கும் முக்கால்வாசிப் பேர் மனநிறைவோடு இருந்தார்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். வசதி குறைந்த குடும்பத்துக்கு அது தோல்வி அல்ல.

ஆனால் மூட்டுக்குள் உண்மையில் என்ன நடக்கிறது? எக்ஸ்ரே ஒரு கணத்தின் படம். நடை என்பது தொடர் இயக்கம். அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் ஸ்காட் டாஷ்மன் குழுவினர், நாய்களின் எலும்புகளில் மிகச்சிறிய டான்டலம் மணிகளைப் பதித்து, அவை நடக்கும்போது இரு திசைகளிலிருந்து நொடிக்கு 250 எக்ஸ்ரே படங்கள் எடுத்தார்கள். தசைநார் அறுக்கப்பட்ட பின் கீழ்க்கால் எலும்பு ஒவ்வொரு அடியிலும் சுமார் 10 மில்லிமீட்டர் கூடுதலாக முன்னால் நழுவியது. இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தும் அந்த நழுவல் சீராகவில்லை. பின்னாளில் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் மணிகள் இல்லாமலே இதைச் செய்தார்கள். நாயின் எலும்பை சி.டி. ஸ்கேனில் முப்பரிமாணமாக எடுத்து, அது நடைப்பட்டையில் நடக்கும்போது பதிவான எக்ஸ்ரே காணொளியோடு பொருத்திப் பார்த்தார்கள். நோய்வாய்ப்பட்டுச் சிகிச்சைக்கு வந்த, குடும்பங்களோடு வாழும் நாய்கள் அவை. கிடைத்த விடை பலரைத் திகைக்கவைத்தது. சரிவை மட்டமாக்கிய பிறகும் ஒரு பகுதி நாய்களில் எலும்பு முன்னால் நழுவிக்கொண்டுதான் இருந்தது. நொண்டாமல் நடந்தன, உள்ளே மூட்டு பழைய நிலைக்குத் திரும்பவில்லை. இந்த அறுவைக்குப் பிறகும் மூட்டுவாதம் மெல்ல வளர்கிறது என்று மருத்துவர்கள் கண்டுவந்ததற்கு இது விளக்கமாக அமைந்தது.

டாஷ்மனின் ஆய்வில் தசைநார் அறுக்கப்பட்டது என்று மேலே சொன்னது தற்செயலான சொல் அல்ல. 1973இல் பாண்டும் நூகியும் நாயின் முன் குறுக்குத் தசைநாரை வேண்டுமென்றே அறுத்து, மூட்டுவாதம் எப்படி உருவாகிறது என்று காட்டினார்கள். அதன்பின் பல பத்தாண்டுகள், மனிதருடைய மூட்டுவாதத்தை ஆராய்வதற்கு நலமான நாய்களின் முழங்கால்கள் இவ்வாறு கெடுக்கப்பட்டன. குருத்தெலும்பு எப்படித் தேய்கிறது என்பதைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்ததில் ஒரு பங்கு அந்த நாய்கள் நொண்டி நடந்த அடிகளிலிருந்து வந்தது. அந்த அறிவைப் பயன்படுத்தும் யாரும் அந்த நாய்களை மறக்கக்கூடாது. இயல்பாக நோயுற்று வரும் நாய்களை, அவற்றின் நன்மைக்காகவே, ஊசியும் கத்தியும் இல்லாத படக்கருவிகளால் ஆராயும் ஃப்ளோரிடா வழி அறிவியலாகவும் மேலானது, அறமாகவும் மேலானது. செயற்கையாக அறுத்த தசைநார், நோயில் நைந்த தசைநாராகாது என்பதும் இதற்கிடையே தெளிவாகியிருந்தது.

நைதல் என்பதில்தான் நோயின் வேர் இருக்கிறது. கால்பந்து வீரருக்கு நலமான தசைநார் ஒரே முறுக்கில் அறுகிறது. நாய்க்கு அப்படி நடப்பது அரிது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வளைந்து ஓடும் பந்தய கிரேஹவுண்டுகளில் இந்த நோய் அபூர்வம். சோபாவில் படுத்திருக்கும் லாப்ரடாரிலும், நியூஃபவுண்ட்லேண்டிலும், ராட்வைலரிலும் சர்வசாதாரணம். விபத்துதான் காரணமென்றால் கணக்கு நேர்மாறாக இருந்திருக்க வேண்டும். 1985இல் வாசர் தசைநார்களை நுண்ணோக்கியில் பார்த்தபோது, 15 கிலோவுக்கு மேற்பட்ட நாய்களில் ஐந்து வயதளவிலேயே இழைகள் ஒழுங்கு குலைந்து, செல்கள் அழிந்து, வலுவிழந்திருப்பதைக் கண்டார். நொண்டத் தொடங்கிய நாளன்றே எக்ஸ்ரேயில் முட்கள் தெரிவதன் காரணம் இதுதான். மறு காலும் அதே நிலையில் இருப்பதால், ஒரு முழங்கால் பழுதான லாப்ரடார்களில் ஏறக்குறைய பாதிக்கு மற்றதும் பின்னாளில் அறுகிறது.

அப்படியானால் சரிவு? அது குற்றவாளிகளில் ஒன்று, ஒரே குற்றவாளி அல்ல. அதே சரிவோடு பிறந்து, பதினான்கு வயது வரை நொண்டாமல் வாழ்ந்து முடிக்கும் நாய்கள் ஏராளம். ஸ்லோகமின் பெருமை இதனால் குறைவதில்லை. அவர் நோயின் காரணத்தைக் கண்டுபிடித்ததாகச் சொல்வதைவிட, நோய் வந்த மூட்டில் செயல்படும் விசையைக் கண்டுபிடித்தார் என்று சொல்வதே சரி. மனித மருத்துவமும் அதே விசையை எண்ணிப்பார்க்கத் தொடங்கியது. 1994இல் லியோன் நகரத்தில் ஆன்ரி தெஜூரும் போனானும், ஒற்றைக்காலில் நிற்கும் நோயாளிகளின் எக்ஸ்ரேக்களை அளந்து, சரிவு 10 டிகிரி கூடும்போது கீழ்க்கால் எலும்பு 6 மில்லிமீட்டர் கூடுதலாக முன்னால் நகர்வதைக் காட்டினார்கள். தசைநார் மாற்று அறுவை மீண்டும் மீண்டும் தோற்றுப்போகும் மனிதர்களில் இன்று சரிவை அளக்கிறார்கள். 12 டிகிரியைத் தாண்டியிருந்தால், ஸ்லோகமின் 1984 முறையைப்போலவே, முன்புறத்திலிருந்து ஆப்பு வடிவத் துண்டை எடுத்துச் சரிவைக் குறைப்பதும் உண்டு.

நோயின் காரணத்தைத் தேடுபவர்கள் இப்போது மரபணுவிலும் வளர்ப்புமுறையிலும் நிற்கிறார்கள். நியூஃபவுண்ட்லேண்ட் இனத்தில் இது குடும்பவழி இறங்குவதை 2006இல் ஓர் ஆய்வு காட்டியது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 237 லாப்ரடார்களின் மரபணுக்களை ஒப்பிட்டு 2017இல் வெளியான ஆய்வு, இந்த நோயோடு தொடர்புடைய 99 இடங்களைச் சுட்டியது. ஒரே மரபணுவைச் சோதித்து நாயை ஒதுக்கிவிடலாம் என்ற நம்பிக்கை அதோடு போயிற்று. பல சிறு காரணங்கள் சேர்ந்த நோய் இது. கலிஃபோர்னியாவின் டேவிஸில் 759 கோல்டன் ரெட்ரீவர்களின் மருத்துவப் பதிவுகளை 2013இல் ஆராய்ந்தபோது, கருத்தடை செய்யப்படாத நாய்களில் இந்த அறுவு ஒன்றுகூட இல்லை. ஒரு வயதுக்கு முன்பே கருத்தடை செய்யப்பட்டவற்றில் ஆண்களில் 5 சதவீதத்துக்கும் பெண்களில் 8 சதவீதத்துக்கும் வந்திருந்தது. கருத்தடையால் வேறு நன்மைகள் உண்டு. தெருநாய்கள் பெருகும் ஊர்களில் அது தவிர்க்கவும் முடியாதது. வீட்டில் வளரும் பெரிய இன நாய்க்கு, எலும்பு வளர்ந்து முடியும்வரை அதைத் தள்ளிப்போடலாமா என்று மருத்துவரோடு பேசிப்பார்க்க இந்த எண்கள் போதுமானவை.

எடையைப் பற்றி மட்டும் ஆராய்ச்சியாளர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. 2013இல் எடை மிகுந்த 40 நாய்களை ஆராய்ந்தவர்கள், எல்லாவற்றுக்கும் எடைக்குறைப்பும் உடற்பயிற்சியும் கொடுத்து, ஒரு பாதிக்கு மட்டும் ஸ்லோகம் அறுவையும் செய்தார்கள். ஓராண்டில் அறுவை செய்தவற்றில் 75 சதவீதம் தேறின. அறுவையே இல்லாமல் உடல் இளைத்து, பயிற்சி பெற்ற நாய்களிலும் மூன்றில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் குறைவாகத் தேறின. பெரிய நாய்களில் 57க்கு 11 என்ற வாசரின் பழைய கணக்கோடு வைத்துப் பார்த்தால் இது மிகப் பெரிய முன்னேற்றம். அறுவைக்கு வழியில்லாத வீடுகளில் கால்நடை மருத்துவர்கள் இப்போது முதலில் நாயை எடைமேடையில் ஏற்றி, சோற்றுத் தட்டை அளந்து வைக்கச் சொல்லி, இரண்டு முழங்கால்களையும் தொட்டுப் பார்த்துவிட்டு, ஆறு வாரத்தில் மறுபடி வரச் சொல்கிறார்கள்.